அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவரே அதிபர் என்று வைத்துவிட்டால் என்ன? மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்குப் போடும் ‘எலக்டோரல் காலேஜ்’ எதற்கு? பெரிய மாநிலங்கள் சிறிய மாநிலங்களை விழுங்கிவிடாமல் அது காப்பாற்றுகிறது என்கிறார்களே, சரிதானா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரடித் தேர்தல்தான் நியாயம். இப்போதைய முறை சிறிய மாநிலங்களைக் காப்பாற்றவும் இல்லை. அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் ஒரே ஒரு வாதத்துக்குத்தான் உண்மையான கனம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் நியூ ஜெர்சியில் பல வருடம் இருந்துவிட்டு, டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியா பக்கம் குடிவந்தவன். ட்ரென்டனுக்கும் மோரிஸ்வில்லுக்கும் நடுவே ஆறு. பாலத்தைக் கடக்க காரில் இரண்டு நிமிடம் போதும். அக்கரையில் இருந்தவரை அதிபர் தேர்தல் நேரத்தில் என் வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை. இக்கரைக்கு வந்த பிறகு, செப்டம்பர் பிறந்தாலே தபால் பெட்டி மூட முடியாத அளவுக்கு நிரம்பும். வழவழப்பான பெரிய அட்டைகள், ஒரே நாளில் ஆறு ஏழு வரும். ஒன்றில் ஒருவர் சிரிப்பார், அடுத்ததில் அவரே கறுப்பு வெள்ளையில் வில்லனாக இருப்பார். சனிக்கிழமை காலையில் இரண்டு கட்சித் தொண்டர்களும் அரைமணி இடைவெளியில் வந்து அழைப்பு மணியை அடிப்பார்கள். அதே ஆள், அதே குடும்பம், அதே கருத்துகள். ஓட்டுக்கு மட்டும் ஆற்றைக் கடந்ததும் கிராக்கி வந்துவிட்டது. எண்ணிக்கைகளைப் பார்ப்பதற்கு முன்பே இந்த முறையில் ஏதோ கோளாறு என்று எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 538 தேர்வாளர்கள். நாடாளுமன்றத்தின் கீழ்சபையான பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு மக்கள்தொகைப்படி எத்தனை பேரோ அத்தனை, அதோடு செனட்டர்கள் இருவருக்காக இரண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு 1961இல் வந்த திருத்தத்தின்படி மூன்று. 270 கிடைத்தால் வெற்றி. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே ஓட்டுப் போடுபவர்கள் ஏற்கெனவே மக்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும்; தேர்ந்தெடுக்கப்படுபவரிடம் ஆட்சி அதிகாரமும் பெரிதாக இல்லை. அமெரிக்கத் தேர்வாளர் எம்.பி.யாகவே இருக்கக் கூடாது. பெரும்பாலும் உள்ளூர்க் கட்சிக்காரர். டிசம்பரில் ஒருநாள் மாநிலத் தலைநகரில் கூடி, ஓட்டுப் போட்டு, ஆறு சான்றிதழ்களில் கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது. அந்தக் காகிதங்கள் மரப்பெட்டிகளில் நாடாளுமன்றத்துக்கு வந்து ஜனவரி 6 அன்று எண்ணப்படும். 2021இல் கலவரக்காரர்கள் கட்டடத்துக்குள் புகுந்தபோது செனட் ஊழியர்கள் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தப் பெட்டிகளைத்தான்.

இது எப்படி வந்தது? ‘முன்னோர்கள் ஆழ்ந்து யோசித்துச் செய்த சமநிலை’ என்று பாடப்புத்தகத் தொனியில் சொல்வார்கள். 1787இல் அரசியல் சட்டம் எழுத ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்களின் விவாதக் குறிப்புகளைப் படித்தால், வேறு எந்த வழியும் ஒத்துவராமல் கடைசியில் வந்து நின்ற சமரசம் இது என்று தெரிகிறது. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் தொடக்கத்திலேயே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசனோ, குருடனிடம் நிறம் பிரிக்கச் சொல்வது போல என்று அதை ஒதுக்கினார். சாலையும் செய்தித்தாளும் குறைவாக இருந்த காலம். ஜார்ஜியா விவசாயிக்கு மாசசூசெட்ஸ் வேட்பாளரை எப்படித் தெரியும் என்பது அன்றைக்கு நியாயமான கவலைதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னவர் ஜேம்ஸ் மேடிசன். ஜூலை 19 அன்று பேசும்போது, மக்கள் தேர்வுதான் சிறந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு ஒரு சிக்கலை எடுத்து வைத்தார்: வாக்குரிமை வடக்கில் பரவலாக இருக்கிறது, தெற்கில் அப்படி இல்லை, கறுப்பர்கள் காரணமாகத் தெற்குக்கு அந்தத் தேர்தலில் செல்வாக்கே இருக்காது. அடிமைகளுக்கு ஓட்டு இல்லை, ஆகவே தலைக்கு ஒரு ஓட்டு என்று எண்ணினால் தெற்கு சிறுத்துவிடும் என்பதே இதன் பொருள். தேர்வாளர் முறை இதற்கு வழி செய்தது. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டுப் பிரதிநிதிகள் எண்ணிக்கையை நிர்ணயிப்பது என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். தேர்வாளர் எண்ணிக்கையை அதோடு கட்டிவிட்டார்கள்.

1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். வர்ஜீனியாவில் சுமார் 7 லட்சத்து 47 ஆயிரம் பேர். அதில் 2 லட்சத்து 92 ஆயிரம் பேர் அடிமைகள். பென்சில்வேனியாவில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர்; அடிமைகள் நாலாயிரத்துக்கும் குறைவு. அடிமைகளைக் கழித்தால் இரண்டு மாநிலங்களும் ஏறக்குறைய சமம். ஆனால் அடுத்த மூன்று தேர்தல்களிலும் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15. அந்த ஆறு பேர் யாருடைய முதுகில் ஏறி வந்தவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்கள் நால்வரே அதிபர்கள். நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். 1800இல் அந்த நால்வரில் ஒருவரான ஜெஃபர்சன் 73–65 என்று அப்போதைய அதிபர் ஜான் ஆடம்ஸைத் தோற்கடித்ததே இந்த ஐந்தில் மூன்று கணக்கால்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள்.

அடிமை முறை ஒழிந்துவிட்டது, ஐந்தில் மூன்றும் போய்விட்டது, பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். என் பார்வையில் இன்றைய கோளாறின் வேர் அரசியல் சட்டத்திலேயே இல்லை. ஒரு மாநிலத்தில் ஒருவர் ஒரே ஒரு ஓட்டு அதிகமாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் அவருக்கே என்ற விதிதான் வேர். இதை அரசியல் சட்டம் சொல்லவில்லை. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. தொடக்கத்தில் சில மாநிலங்களில் சட்டமன்றமே நியமித்தது, சிலவற்றில் தொகுதிவாரியாகத் தேர்தல் நடந்தது.

1800 தேர்தலுக்கு முன் ஜெஃபர்சனின் ஆட்கள் வர்ஜீனியாவின் தொகுதி முறையை மாற்றி, மொத்தமும் ஒருவருக்கே என்று ஆக்கினார்கள். தொகுதி முறைதான் நல்லது, ஆனால் மற்ற மாநிலங்கள் செய்யாதபோது நாம் மட்டும் செய்வது முட்டாள்தனம் என்று ஜெஃபர்சனே அந்த நால்வரில் இன்னொருவரான மன்ரோவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. மறுபக்கம் மாசசூசெட்ஸ், ஆடம்ஸுக்கு ஒன்றுகூட நழுவக் கூடாது என்று தேர்வைச் சட்டமன்றத்தின் கையில் எடுத்துக்கொண்டது. 1836 வருவதற்குள் சவுத் கரோலைனா தவிர எல்லா மாநிலங்களும் மொத்தமாக ஒருவருக்கே கொடுக்கும் வழிக்கு வந்துவிட்டன. சாதாரணக் கட்சிக் கணக்கில் பிறந்த விதி, இன்று புனிதம் போலப் பேசப்படுகிறது. இப்போது மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் மட்டும் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன.

அப்படியானால் எல்லா மாநிலங்களும் நெப்ராஸ்கா வழிக்குப் போகட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்னும் மோசம். தொகுதி எல்லைகளைக் கட்சிகள் தங்களுக்கு வசதியாக வளைத்து வரைகின்றன. 2012இல் ஒபாமா ஏறக்குறைய 50 லட்சம் ஓட்டு அதிகம் பெற்றார். அந்தத் தேர்தலில் நாடு முழுக்கத் தொகுதிக் கணக்கு இருந்திருந்தால் ராம்னி அதிபராகியிருப்பார்.

இனி சிறிய மாநிலப் பாதுகாப்பு. வயோமிங்கில் 5 லட்சத்து 77 ஆயிரம் பேருக்கு 3 தேர்வாளர்கள். கலிஃபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேருக்கு 54. தலைக்கணக்கில் வயோமிங்காரரின் ஓட்டுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு எடை. காகிதத்தில் இது பெரிய சலுகை. சரி, அந்தச் சலுகையால் வயோமிங்குக்கு என்ன கிடைத்தது? தேர்தல் நேரத்தில் வேட்பாளர் அங்கே போகிறாரா? போவதில்லை. முடிவு முன்கூட்டியே தெரியும். மறுகோடியில் வெர்மான்ட்டுக்கும் இதே கதி. 2016இல் இரு கட்சி வேட்பாளர்களும் நடத்திய பொதுத்தேர்தல் பிரசாரக் கூட்டங்கள் 399. அதில் 375 வெறும் 12 மாநிலங்களில். நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி, எந்தக் கட்சிக்கும் சாயக்கூடிய சிறிய ஊசலாடும் மாநிலம் ஒன்றிரண்டுக்கு அதில் இடம் இருந்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அது ஊசலாடுவதுதான். வேட்பாளர்கள் மொய்த்தது ஃப்ளோரிடா, ஓஹையோ, பென்சில்வேனியா மாதிரிப் பெரிய மாநிலங்களைத்தான். ஆகவே யார் பாதுகாக்கப்படுகிறார்கள் என்று கேட்டால், என்னைப் போல இரு கட்சிக்கும் நடுவில் தொங்கும் மாநிலத்தில் வீடு வாங்கியவர்கள்தான்.

‘நேரடித் தேர்தல் வந்தால் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் முடிவு செய்துவிடும்’ என்பது அடுத்த பயம். கலிஃபோர்னியா என்ற ஒரு ஆள் ஓட்டுப் போடுவதில்லை. 2020இல் டிரம்புக்கு டெக்சஸில் கிடைத்தது 58 லட்சத்து 90 ஆயிரம். கலிஃபோர்னியாவில் கிடைத்தது 60 லட்சத்துக்கும் மேல். ஆம், டெக்சஸைவிடக் கலிஃபோர்னியாவில்தான் அவருக்கு ஓட்டு அதிகம். அந்த 60 லட்சத்துக்கு ஈடாகக் கிடைத்த தேர்வாளர்கள் பூஜ்யம். பைடனுக்கு டெக்சஸில் விழுந்த 52 லட்சத்துக்கும் அதே பூஜ்யம். மிசிசிப்பி மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 38 பேர் கறுப்பர்கள், பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள். ஆனால் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் 1980இலிருந்து ஒவ்வொரு முறையும் குடியரசுக் கட்சிக்கே போயிருக்கிறார்கள். பெருநகரங்களைப் பற்றிய பயத்துக்கும் அடிப்படை கிடையாது. நாட்டின் பத்துப் பெரிய நகரங்களையும் சேர்த்துக் கூட்டினாலும் மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டுதான் தேறும்.

ஓட்டில் முந்தி அதிபர் பதவியில் தோற்றவர்கள் என்று நாலு ஆண்டுகளைச் சொல்வார்கள்: 1876, 1888, 2000, 2016. ஜாக்சன் முந்தியும் பிரதிநிதிகள் சபை ஆடம்ஸின் மகனைத் தேர்ந்தெடுத்த 1824ஐயும் சேர்க்கலாம். இந்தப் பட்டியலைக் காட்டியே என் பக்கத்தினர் வாதத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1888இல் க்ளீவ்லாந்து சுமார் 90 ஆயிரம் ஓட்டு கூடுதலாக வாங்கினார் என்றால், தெற்கில் கறுப்பர்களை மிரட்டி ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவிடாமல் செய்து பெற்ற ஓட்டும் அதில் அடக்கம். 2016இல் ஹிலரிக்கு 28 லட்சத்துக்கும் மேல் அதிகம் கிடைத்தது உண்மை. ஆனால் போட்டி நேரடி ஓட்டுக்காக இருந்திருந்தால் இருவருமே வேறு மாதிரிப் பிரசாரம் செய்திருப்பார்கள். அதனால் ‘அவர்தான் உண்மையான அதிபர்’ என்று சொல்வது சரியில்லை. முறை தவறு என்று சொல்ல அந்த வாதம் தேவையும் இல்லை.

கனமான வாதம் என்று சொன்னேனே, அது மறு எண்ணிக்கை பற்றியது. 2000ஆம் ஆண்டு ஃப்ளோரிடாவில் நடந்தது நினைவிருக்கும். ஓட்டுச் சீட்டில் துளை போட்டால் துண்டாக விழ வேண்டிய பொடிக் காகிதம், ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கினால் அது ஓட்டா இல்லையா என்று அதிகாரிகள் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் பூதக்கண்ணாடியோடு கண்களை உருட்டிப் பார்த்த புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. 36 நாள் இழுபறிக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் 5–4 என்று முடித்துவைத்தது. புஷ் 537 ஓட்டில் ஜெயித்தார். நேரடித் தேர்தலில் நாடே ஃப்ளோரிடா ஆனால்? ஒவ்வொரு மாவட்டத்திலும் வக்கீல்கள் வரிசை கட்டினால்? மாநில வாரியான முறை அந்தத் தீயை ஒரு வீட்டோடு அடக்குகிறது என்பது இப்போதைய முறையை ஆதரிப்பவர்களின் வாதம்.

இதை நான் மதிக்கிறேன். 1960இல் கென்னடிக்கும் நிக்சனுக்கும் நாடு முழுக்க வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். நேரடித் தேர்தலாக இருந்திருந்தால் நாடு தழுவிய மறு எண்ணிக்கை கேட்டிருப்பார்கள். ஆனால் 2000ஐயே மறுபடி பாருங்கள். நாடு முழுக்க அல் கோர் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் முன்னிலை. பத்துக் கோடிக்கு மேல் விழுந்த ஓட்டில் அந்த இடைவெளியை எந்த மறு எண்ணிக்கையும் அழித்திருக்காது. தேர்தலைத் தனித்தனி மாநிலங்களாக உடைத்தால், எங்காவது ஒரு மாநிலத்தில் முடிவு மயிரிழையில் வந்து நிற்கும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். 2020இல் பைடனின் முன்னிலை 70 லட்சம். ஆனால் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 43 ஆயிரம். அது மாறியிருந்தால் 269–269. அப்போது முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரே ஓட்டு, கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று. அந்த ஓட்டையை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

அதோடு, நேரடித் தேர்தல் என்றால் விதிகள் நாடு முழுக்க ஒன்றாக வேண்டும். இன்று மெய்னிலும் வெர்மான்ட்டிலும் சிறையில் இருப்பவரும் ஓட்டுப் போடலாம், பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. அடையாள அட்டை, தபால் ஓட்டு, கடைசித் தேதி எல்லாமே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லோருடைய ஓட்டையும் ஒரே குவியலில் போடும்போது இந்த வேறுபாடு பெரிய சண்டையாக வெடிக்கும். நேரடித் தேர்தல் கேட்பவர்கள் இந்த வேலையைச் சின்னதாக நினைக்கக் கூடாது.

ஒருமுறை இது கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. 1968இல் இனப் பிரிவினைக்காரர் ஜார்ஜ் வாலஸ் ஐந்து தென் மாநிலங்களை வென்று 46 தேர்வாளர்களைப் பிடித்தார். யாருக்கும் 270 வராமல் போயிருந்தால் பேரம் அவர் கையில் இருந்திருக்கும். அந்த அதிர்ச்சியில், செனட்டர் பர்ச் பே போராடிக்கொண்டிருந்த நேரடித் தேர்தல் திருத்தத்துக்கு உயிர் வந்தது. 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை 338–70 என்று நிறைவேற்றியது. அதிபர் நிக்சனும் ஆதரித்தார். செனட்டில்தான் மாட்டியது. தர்மண்ட், எர்வின், ஈஸ்ட்லாண்ட் போன்ற தென் மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். 1970 செப்டம்பரில் பேச்சை முடித்து ஓட்டெடுப்புக்குப் போவோம் என்ற தீர்மானத்துக்கு 54 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு; தேவை மூன்றில் இரண்டு பங்கு. ஆறு ஓட்டு குறைந்தது. 1979இல் மறுபடி வந்தபோது 51–48தான் கிடைத்தது. அப்போது செனட்டுக்கு வெளியே எதிர்த்தவர்களில் கறுப்பர் உரிமைக்காகப் போராடிய வெர்னான் ஜோர்டனும் இருந்தார். பெரிய மாநிலங்களின் முடிவைத் திருப்பும் பலம் தங்கள் மக்களுக்கு இருக்கிறது, அதை இழக்க முடியாது என்பது அவர் கவலை. அன்றைய நிலையில் அந்தக் கவலையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இப்போது நடப்பது வேறு முயற்சி. தங்கள் தேர்வாளர்கள் அனைவரையும் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவருக்கே கொடுப்போம் என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போடுகின்றன. சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர் கூட்டுத்தொகை 270ஐத் தொட்டால் அது நடைமுறைக்கு வரும். 2007இல் மேரிலாந்து தொடங்கியது. 2024இல் மெய்ன் சேர்ந்தபோது கணக்கு 209. நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, வழி பிடிக்கவில்லை. சேர்ந்த ஒரு மாநிலம், தன் மக்கள் தோற்கடித்தவருக்கே தன் தேர்வாளர்கள் அனைவரையும் கொடுக்க வேண்டி வரும். கோபத்தில் அந்த மாநிலச் சட்டமன்றம் விலகப் பார்க்கும், வழக்கு வரும். மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றச் சம்மதம் வேண்டுமா என்ற சண்டை தனி. அரசியல் சட்டத் திருத்தமே நேர்வழி. அதற்கு 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும், 13 மறுத்தால் முடிந்தது. கடினம்தான்.

திருத்தம் வந்தால் இன்னொன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்: யாருக்கும் பாதி ஓட்டு வராவிட்டால்? பே கொண்டுவந்த திருத்தத்தில் 40 சதவீதம் போதும், இல்லையென்றால் இரண்டாம் சுற்று என்று இருந்தது. தேர்வாளர் முறையை 1994இல் தூக்கிய அர்ஜென்டினா, 45 சதவீதம் அல்லது 40 சதவீதத்தோடு பத்துப் புள்ளி இடைவெளி என்று வைத்தது. இலங்கையில் வாக்காளர் இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் அதே சீட்டில் குறிக்கலாம். 2024இல் யாருக்கும் பாதி வராததால் முதல்முறையாக அந்த விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்கவின் வெற்றியை அறிவித்தார்கள். மறுபடி மக்களை வரிசையில் நிறுத்தாத அந்த முறை எனக்குப் பிடிக்கும்.

இதெல்லாம் ஜனநாயகக் கட்சிக்காரர்களின் புலம்பல், 2024இல் டிரம்ப் இரண்டு கணக்கிலும் ஜெயித்துவிட்டார், விவாதம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2004இல் ஓஹையோவில் அறுபதாயிரம் பேர் மனம் மாறியிருந்தால், 30 லட்சம் ஓட்டு பின்தங்கிய ஜான் கெர்ரி அதிபர். 2024இல் கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தது 226. மிச்சிகன் 15, பென்சில்வேனியா 19, விஸ்கான்சின் 10. கூட்டினால் சரியாக 270. இந்த மூன்றிலும் சேர்த்து அவர் தோற்ற வித்தியாசம் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம். அதில் பாதிப்பேர் மாற்றிப் போட்டிருந்தால், நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேல் பின்தங்கிய அவர் வெள்ளை மாளிகைக்குப் போயிருப்பார், டிரம்புக்கு ஓட்டுப் போட்ட 7 கோடியே 70 லட்சம் பேர் வாயடைத்து நின்றிருப்பார்கள். அன்றைக்கு இந்தக் கேள்வியை அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.